ஒரு கதவில ரெண்டு பூட்டு

எங்கட வீட்டுக்காரர் கும்பிட்டது ரெண்டு இடத்தை. ஒண்டு கோயில், மற்றது துறைமுகத்தடி ஸ்பிரிங் கடை. கோயிலையாவது சில வெள்ளிக்கிழமை மறந்திருக்கிறார்.

குச்சவெளியில இருந்து மீன் ஏத்துற லொறி ஒண்டு எங்களிட்ட இருந்தது. அந்த றோட்டுக் கிடங்கு பள்ளங்களுக்கு லொறிக்கு அடியில உள்ள ஸ்பிரிங் தகடு அடிக்கடி முறியும். முறிஞ்சா அந்தக் கடைதான். வெள்ளைக்காரன்ர நேவி இருந்த காலத்திலயே திறந்த கடை, ஒரு தகப்பனும் ரெண்டு மகன்மாரும். தகப்பனைப் பெரியவர் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். அவருக்கு ஒரு வீம்பு. வேற கடைக்காரன் கைவைச்ச லொறியைப் பிறகு வாசலுக்கும் எடுக்கமாட்டார். "மற்றவன் அடிச்ச தகட்டில நான் அடிக்கமாட்டன், கொண்டு போங்கோ" எண்டிடுவார். லொறிக்காரர் எல்லாம் அதுக்குப் பயந்து ஒழுங்கா வந்தவை. எங்கட வீட்டுக்காரருக்குப் பயமில்லை, பக்தி.

பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பெரியவரில மரியாதை இருந்தது. மூத்தவளைப் பெற எனக்குப் பிள்ளைநோ எடுத்த அண்டு, இவர் என்னை லொறியில ஏத்திக்கொண்டு போகேக்க, சந்தையடியில தகடு முறிஞ்சு லொறி ஒரு பக்கம் சரிஞ்சிட்டுது. பெரியவர் சோத்துக் கையோட ஓடி வந்து, மரக்கட்டை வைச்சுக் கயிறு சுத்திக் கட்டி அனுப்பினவர். ஆஸ்பத்திரி வாசல்லயே பிள்ளை பிறந்திட்டுது. அதை மறந்தா நான் மனுசியில்லை.

பெரியவர் செத்த நேரம் எங்கட தகடு முழுக்கக் கழட்டி அவற்ற கடைக்குள்ள கிடந்தது. லொறி வெளியில மரக்குத்திகளில நிண்டது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிய முதலே மகன்மார் கடை ஆருக்கு எண்டு அடிபட்டாங்கள். அந்தக் கோவத்தில ஆளுக்கொரு பூட்டை ஒரே கதவில கொழுவிப்போட்டுப் போயிட்டாங்கள். தமையனிட்டப் போனா, "தம்பி திறக்கட்டும், நான் திறக்கிறன்" எண்டான். தம்பியிட்டப் போனா, "அண்ணன் திறக்கட்டும்." அறுந்துபோவாங்கள் எண்டு நான் வாய்விட்டே திட்டினன்.

"இஞ்சாருங்கோ, கண்டி றோட்டில புதுக்கடை ஒண்டு இருக்காம். அங்க தகடு போட்டு லொறியை எடுங்கோவன்."

"என்னப்பா கதைக்கிறீர்? நாளைக்குப் பெடியள் கடையைத் திறந்தா, எந்த முகத்தோட போறது?"

"திறந்தாத்தானே!"

"திறப்பாங்கள்" எண்டார்.

நாட்டில சாமான் தட்டுப்பாடு, விடியக்காலமை ஒரு றாத்தல் பாணுக்கு வரிசையில நிண்ட காலம் அது. மீன் முதலாளி ரெண்டு தரம் ஆள் அனுப்பிப் பாத்திட்டு, ஏற்றத்தை வேற லொறிக்குக் குடுத்திட்டார். மூத்தவள், சந்தையடியைத் தாண்டி வந்து பிறந்த அதே மூத்தவள், பள்ளிக்கூடத்தை விட்டிட்டு என்னோட கடலை வறுத்து, விக்கிறதுக்குச் சுருள் கட்டினவள். இவர் ஒவ்வொரு நாளும் போய் லொறியைத் துடைச்சிட்டு, ஓடாத லொறிக்குள்ள ஏறி இருந்திட்டு வருவார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும்.

வருசம் ஒண்டு திரும்பினாப் பிறகு அண்ணனும் தம்பியும் ராசியாகினாங்கள். கடை திறந்திட்டுது எண்டு கேள்விப்பட்ட உடன இவர் தலைமுழுகி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, லொறியைக் கிளப்புற ஜக்கையும் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் அதே ஜக்கோட திரும்பி வந்தார்.

"தகடு எங்க?" எண்டன்.

"பழைய இரும்போட சேர்த்து நிறுத்துக் குடுத்திட்டாங்களாம். கடையையும் வித்திட்டாங்கள்."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது? பெரியவற்ற மனம் நோகுமெல்லோ."

எனக்குப் பத்தி எரிஞ்சுது. செத்துச் சாம்பலான மனுசன்ர மனம் நோகுமாம்! உயிரோட இருக்கிற நாங்கள் ஆர்? கத்தினன், அழுதன். அவர் ஜக்கைத் துடைச்சு மூலையில வைச்சார்.

சுருள் கட்டிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிர்ந்து பாத்தாள். "அப்பா, இனி அந்தக் கடை இல்லைத்தானே. வேற கடையில தகடு போடலாந்தானே?"

"ஏலாது பிள்ளை, மற்றவன் கைவைச்சாப் பெரியவர் பிறகு எடுக்கமாட்டார்" எண்டார்.