நாலாவது படத்திலும் உடைந்த தட்டு

வெம்பிளி வீட்டில் என் முதல் நகைச்சுவைப் படத்தைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினேன். திரையில் ஒரு பீங்கான் தட்டு உடைந்த சத்தத்தில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது இதே அறையில், கருவாட்டுப் பொரியல் மணக்க, ஒரு சீன இயக்குநரின் படங்களை வீடியோவில் பார்ப்போம். மொழிபெயர்ப்பு கிடையாது. சமையல்காரன் தட்டை உடைத்ததும் அப்பா அவனுக்காகப் பேசுவார்: "என்ர மனுசி கண்டாளெண்டால் நான் துலைஞ்சன்!" பிறகு கண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு உடைந்த அந்த இயக்குநரின் முதல் மூன்று படங்களும் ஓடவில்லை என்று பின்னாளில் வாசித்தேன். நாலாவதிலும் அவர் சமையல்காரனைத் தட்டு உடைக்க வைத்தார். அப்பா சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

"பீங்கான் உடையிற இடத்தை வெட்டுங்கோ தங்கச்சி. எங்கட பகிடி மற்றவைக்கு விளங்காது," என்றார் தயாரிப்பாளர்.

"ஏலாது அண்ணை. சீனத்தில ஒரு சொல்லும் விளங்காமல்தான் அப்பா சிரிச்சவர்."