உலைக் கதவைத் திறக்காத மனிதர்

பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் கதவு. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளக் கவரில் மட்டும் பார்க்கலாம். உலையை அணைத்தபின் யாராவது அதன் கதவைத் தொட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

காரணம் இருக்கிறது. உலைக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு பெரிய குழாய். பட்டறைச் சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் வேகும். சூட்டில் அந்தக் குழாய் தன்மேல் ஒரு கருந்தோலைப் போர்த்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகத்தைச் சூடு தின்னாமல் காப்பது அந்தத் தோல்தான். சூடு இருக்கும்வரை இரண்டும் ஒட்டி உறவாடும். ஆறும்போதுதான் வம்பு. உலோகம் நிறையச் சுருங்கும், தோல் கொஞ்சம்தான் சுருங்கும். கடைசியில் தோல் விரிசல் விட்டு, டிக் டிக்கென்று தெறித்து உதிரும். அப்புறம் வெற்றுடம்பாக நிற்கும் உலோகம் அடுத்த சூட்டில் இன்னும் தேயும். "மெதுவா ஆறினா ஒண்ணும் உதிராது. கதவைத் தொடாதே." இதுதான் அவருடைய வேதம்.

வேதத்தைப் பட்டறையோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோனார்.

மனைவியின் அக்கா வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். ஒத்தாசைக்குக் கொஞ்ச நாள் போய் இருக்கவா என்று மனைவி கேட்டாள். "கால்தானே உடைஞ்சுது? வாய் நல்லாத்தானே இருக்கு? அதை வெச்சே சமாளிச்சுக்கட்டும்" என்றார் மனிதர். மனைவி திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இப்போது சூடாக இருக்கிறாள், மெதுவாக ஆறட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். நாள் கணக்கில் மூடிக்கொண்டார். அவள் சமையலறை வாசலில் வந்து நிற்பாள், எதற்கோ காத்திருப்பதுபோல. இவர் பேப்பரில் வரன் விளம்பரம் படிப்பார். கட்டிக்கொடுக்க வீட்டில் ஒருவரும் இல்லை. நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது என்று உள்ளுக்குள் திருப்தி வேறு.

ஒருநாள் காலை அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்று பிற்பகல், முழுசாக ஆறிய உலையின் கதவைத் தம் கையாலேயே திறந்தார். குழாய்க்கு அடியில் கரிய செதில்கள் குவிந்து கிடந்தன, காகிதம் கருகிக் கிடப்பதுபோல. வெல்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, இவ்வளவு மெதுவா ஆற விட்டும் மொத்தமா உதிர்ந்திருக்கு?"

தோல் தடித்துவிட்டால் அப்படித்தான். எவ்வளவு மெதுவாக ஆறினாலும் சுருங்க வேண்டியது சுருங்கியே தீரும். அவர் செதில் ஒன்றைக் கையில் எடுத்தார். பொடிந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் வீட்டுக்குப் போறேன்."

"கதவு?"

"திறந்தே கிடக்கட்டும்."

வெல்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பை. மூச்சிரைக்க வந்தவர், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சொன்னப்பவே தெரியும்" என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சுமா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டீங்க?"

"உன் கோவம் ஆறட்டும்னு..."

"கோவம் மறுநாளே ஆறிடுச்சு. நீங்க பேசவே இல்லை. நான் போனாலும் ஒண்ணுதான், இருந்தாலும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டீங்களோன்னு..."

"நானும் வரேன். உங்க அக்காகிட்டயும் சொல்லணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை முழுக்க உலைக் கரி. குனிந்து பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள். அவளுடைய புடவைகளுக்கு மேலே அவருடைய சட்டைகள், தேய்த்து மடித்தபடி.

"மாத்திக்கிட்டு வாங்க" என்றாள். "பஸ் போயிடும்."