கயிற்றுக்கு நீட்டிய கை

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு டார்க்ரூம் வேலை. முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பிரிண்ட் போடுவதும் ரீடச் செய்வதும் என் பொறுப்பு. முதலாளி சம்பந்தம், கல்யாண ஆர்டர் இல்லாத நாட்களில் தெருவில் படம் எடுப்பார். காய்ந்த பிரிண்ட்களை மேசையில் பரப்பி, "இது இன்னா கதை சொல்லுது, சொல்லும்மா" என்பார். தலைப்பை முன்கூட்டிச் சொல்ல மாட்டார். நான் சொல்வதும் அவர் நினைத்ததும் பொருந்தினால்தான் படம் தேறும்.

1. ஷோகேஸ்

நான் லீவில் இருந்தபோது அவரே ஒரு படத்தை பிரிண்ட் போட்டு, 'கையேந்தல்' என்று தலைப்பெழுதி வாசல் ஷோகேஸில் வைத்துவிட்டார். பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போகிறாள். அவளை நோக்கி, கிழிந்த ரவிக்கை போட்ட ஒரு பெண் கையை நீட்டி நிற்கிறாள். மெட்ராஸ் புகைப்படப் போட்டிக்கும் அதையே அனுப்புவதாக இருந்தார்.

நான் திரும்பி வந்த அன்றே படத்திலிருந்த பெண் கடைக்குள் நுழைந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரி, பெயர் கன்னியம்மா.

"இன்னாபா இது? நான் யார்கிட்ட கையேந்திக்கினு நின்னேன்? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்துட்டு, 'உங்க நெலம இப்படியா ஆயிடுச்சு'ன்னு கேக்கறாங்க!"

"அது கலைம்மா. உன்னச் சொல்லல, ஏழ்மையச் சொல்லுது" என்றார் முதலாளி.

"மூஞ்சி என்னுதாச்சேபா!"

அவர் கேமராவைத் துடைக்கத் தொடங்கினார். அவள் அழவில்லை. ஷோகேஸ் கண்ணாடியைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

2. நெகடிவ்

நெகடிவை எடுத்து என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரிண்டில் படத்தின் இடது பாதியை அவர் வெட்டியிருந்தார். அந்தப் பாதியில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நீள நூல்கள், இழுத்துக் கட்டியிருந்தது. அதன் முனையில் கன்னியம்மாவின் புருஷன் கயிற்றை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அதை வாங்கத்தான் அவள் கை நீட்டியிருந்தாள். தட்டு வைத்திருந்த அம்மாள் நடுவே கடந்து போனவள், அவ்வளவுதான்.

"படம் நல்லாத்தான் சொல்லுது சார். ஆனா சொல்றது நடக்காத விஷயம்" என்றேன்.

"முழுசாப் போட்டா கம்பம் குறுக்க வருது, அந்த ஆளு வேற அசைஞ்சு கலங்கலா வுழுந்துட்டாரு. கதையே நிக்காதும்மா."

"அப்ப படம் தேறலன்னு டிராயர்ல போடுங்க. வேலை செய்யறவள பிச்சக்காரி ஆக்காதீங்க."

"நீ பிரிண்ட் போடற வேலைய மட்டும் பாரு. நாளைக்குப் போட்டிக்குப் பெரிய சைஸ்ல வேணும்."

3. முழுப் படம்

மறுநாள் அவர் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டேன், வெட்டாமல். கம்பம், கலங்கலாய் விழுந்த புருஷன், பாவு எல்லாமே அதில் இருந்தன. ஷோகேஸில் இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தேன். தலைப்பை மட்டும் மாற்றவில்லை.

சாயங்காலம் வாசலில் கூட்டம். "பாவு புடிக்கிறதப் போட்டுட்டு கையேந்தல்ன்னு எழுதிக்கீறாங்களே!" என்று ஒருவர் சத்தமாகவே சிரித்தார். கன்னியம்மா சேதி கேட்டு சம்பந்தியையே கையோடு அழைத்து வந்திருந்தாள். "பாருங்க, நல்லாப் பாருங்க" என்றாள். அவள் நிமிர்ந்து நின்ற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். "நாளையிலேர்ந்து வராத" என்றார். "சரி சார். அந்த வெட்டுன படம் திரும்ப இங்க வந்தா இவங்களும் திரும்ப வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வெட்டிய படத்தை அவர் தானே பிரிண்ட் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார். பரிசும் கிடைத்தது. ஆனால் காஞ்சிபுரத்து ஷோகேஸில் அதை மறுபடி வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நினைத்த கதையைப் படம் சொல்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அது அந்த ஆளுடைய கதைதானா என்று கேட்பது மீதி வேலை. கேட்டால் வேலை போகலாம். எனக்குப் போனது. சின்ன காஞ்சிபுரத்தில் வேறு ஸ்டூடியோவில் சேர்ந்தேன், அங்கேயும் கேட்டேன்.