எரிமலைக் குன்றில் ஒரு பிடி சோறு

யதுஷா சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் பிறந்தவள். தாய் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தார். தந்தை உணவகச் சமையலறையில் இருந்தார். அவள் ஆய்வுகூடப் பயிற்சியை முடித்து, வார நாட்களில் குடிநீர் மாதிரிகளைச் சோதிக்கிறாள். வார இறுதிகளில் ஜெர்மனி எல்லையோரத்து இயற்கைப் பூங்காவில் வழிகாட்டி. அதற்குச் சம்பளம் கிடையாது, ஒரு பச்சை மேலங்கி மட்டும். "சம்பளமில்லாமல் மலை ஏறவோ இவளைப் படிப்பிச்சனாங்கள்?" என்று தாய் வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். மேலங்கியைத் துவைத்து மடித்து வைப்பவரும் அவரே.

பூங்காவின் நடுவே நிற்கும் குன்று ஒரு பழைய எரிமலை. எரிமலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதன் உச்சியில் குழியும் இல்லை, புகையும் இல்லை. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மேலே வரத் தொடங்கிய நெருப்புக் குழம்பு தன் குழாய்க்குள்ளேயே இறுகிவிட்டது. சுற்றியிருந்த மென்மையான சாம்பல் கல்லைப் பின்னாளில் பனியாறுகள் சுரண்டிக்கொண்டு போயின. குழாயை அடைத்த கடினமான கல் மட்டும் தனியே நிமிர்ந்து நின்றது. தெற்குப் பக்கம் வெயில் பட்டுச் சூடாகும் பாறைகளில் பல்லிகள் கிடக்கும். செங்குத்தான வடக்குச் சுவரில் வல்லூறும் அண்டங்காகமும் அருகருகே கூடு கட்டும், வசந்தம் முழுவதும் ஒன்றையொன்று விரட்டும். யதுஷாவுக்கு இவையெல்லாம் ஜெர்மன் மொழியில் தெரியும். தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தமிழில் ஒரு வழிகாட்டு நடை வேண்டும் என்று அவள் பூங்கா அலுவலகத்தைப் பலமுறை கேட்டாள். கடைசியில் ஃபிரௌ வீலான்ட் என்ற பெண் பொறுப்பாளர், மே மாதத்தில் ஒரே ஒரு நடையைச் சோதனையாக வைக்கலாம், நானும் கூட வருவேன் என்றார். பாதையை விட்டு விலகக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. வருகிறவர்கள் இதைக் கடைப்பிடித்தால் அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் தமிழ் நடை சேரும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை, கோயிலிலும் கடையிலும் சொல்லிச் சேர்த்த சிறு கூட்டம் ரயிலில் வந்து இறங்கியது. சிலர் கோயிலுக்குப் போவதுபோல் உடுத்தியிருந்தார்கள். வல்லூறின் கூட்டைத் தொலைநோக்கியில் காட்டியபோது எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் பாதையை விட்டு விலகவில்லை. ஃபிரௌ வீலான்ட் இரண்டு தடவை தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டுவது நல்ல அறிகுறி.

மதியம் உச்சியில் சாப்பாட்டுப் பொதிகளை அவிழ்த்தார்கள். இரவீந்திரன் என்பவர், மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர், தன் பொதியிலிருந்து எள்ளுச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து வடக்குச் சுவரோரப் பாறையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமைகளில் காகம் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். கீழேயிருந்து ஓர் அண்டங்காகம் எழும்பி வட்டமிட்டது. ஃபிரௌ வீலான்ட் அந்தப் பக்கம் முதுகு காட்டி, தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

யதுஷா பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அண்ணை, இதிலை வைக்கேலாது."

"ஒரு பிடி சோறுதானே பிள்ளை. குப்பையோ போட்டனான்?"

"சோறு கிடந்தால் அண்டங்காகங்கள் இந்த இடத்தை விடாது. கீழை வல்லூறின்ரை குஞ்சுகள் இருக்கு."

"வீட்டிலை பல்கனியிலை வைச்சால் கீழ்வீட்டு மனுசி கட்டடம் பார்க்கிற ஹவுஸ்வார்ட்டிட்டைச் சொல்லிப்போடும். மலையிலையும் ஏலாதெண்டால் சனீஸ்வரனை நான் எங்கை கொண்டுபோய்ச் சந்திக்கிறது?"

அவர் மனைவி சிவகலா இடையில் புகுந்தார். "அவள் ஜெர்மன்காரியிட்டைப் பேச்சு வாங்கப் போறாள். எடுங்கோ."

"வைச்சதை நான் எடுக்கமாட்டன்."

பொறுப்பாளர் இன்னும் திரும்பவில்லை. பேசாமல் விட்டால் பறவை வந்து சோற்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும், யாருக்கும் தெரிந்திராது. யதுஷா குனிந்து அந்தச் சோற்றைத் தன் கையால் அள்ளித் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சனீஸ்வரனுக்கென்று வைத்ததை ஒரு பெண்பிள்ளை எடுத்ததைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரவீந்திரன் தன் பொதியை மறுபடி சுற்றிக் கட்டினார். சிவகலாவும் கட்டினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் கட்டினார்கள். பசியோடு ஒருவர் நிற்க மற்றவர்கள் சாப்பிடுவதாக இல்லை.

அந்த அமைதிதான் ஃபிரௌ வீலான்டைத் திரும்ப வைத்தது. என்ன நடந்தது என்று கேட்டார். எல்லோருக்கும் பசியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யதுஷா ஒரு கணம் நினைத்தாள். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னாள், சோறு வைத்ததையும் சேர்த்து. அவர் பாறையைப் பார்த்தார், இரவீந்திரனைப் பார்த்தார். காகம் சாப்பிடாவிட்டால் இவர் மாலை வரை பட்டினியா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

எஞ்சியிருந்தது கிழக்குச் சரிவு. அங்கே கல்லுடைத்த பழைய பள்ளத்தில், பாறைக்குள் மஞ்சள் கோடுகளாக ஓடும் கனிமத்தைப் பார்க்கலாம். அதைத் தமிழில் விளக்க அவள் வாரக்கணக்காகச் சொற்களைத் தேடியிருந்தாள். அதை விட்டுவிட்டு, குறுக்குப் பாதையால் எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போனாள். செங்குத்தான பாதை, உருளும் கற்கள். சேலை உடுத்தியவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

பூங்காவின் எல்லைப் பலகையைத் தாண்டியதும் ஒரு மக்காச்சோள வயல். விதை போட்ட மண்ணைக் காகங்கள் கிளறிக்கொண்டிருந்தன. இரவீந்திரன் வயலோரத்தில் ஒரு கல்லில் புதிதாகச் சோறு வைத்தார். விதை நிறையக் கிடந்ததால் காகங்களுக்குச் சோற்றில் அக்கறை இருக்கவில்லை. எல்லோரும் வண்டிப் பாதையில் காத்து நின்றார்கள். வெயில் சுட்டது.

"சுவிஸ் காகம். முதலிலை நேரம் குறிச்சு டெர்மின் எடுத்திருக்கவேணும்," என்றார் சிவகலா. சிலர் சிரித்தார்கள். இரவீந்திரன் சிரிக்கவில்லை.

நெடுநேரம் கழித்து ஒரு காகம் தத்தித் தத்தி வந்து, தலையைச் சரித்துப் பார்த்து, கொத்தியது. அதன் பிறகு பொதிகள் அவிழ்ந்தன. ஃபிரௌ வீலான்டும் அப்போதுதான் தன் பாண் துண்டை எடுத்தார். அவரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. சிவகலா அவருக்கு ஓர் உளுந்துவடையை நீட்டினார்.

ரயில் நிலையத்தில் ஃபிரௌ வீலான்ட் தன் முடிவைச் சொன்னார். பறவைக்குச் சோறு வைத்தது தவறு, அதை நான் குறித்துக்கொள்வேன். ஆனால் நான் திரும்பிப் பார்க்கும் முன்னரே அந்தச் சோறு எடுக்கப்பட்டுவிட்டது, அதையும் குறித்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு நடை இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையில். யதுஷா மறுத்தாள். இரவீந்திரன் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. சனிக்கிழமையே இருக்கட்டும், காலையில் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு முன் பூங்கா எல்லைக்கு வெளியே வந்துவிடுகிறோம் என்றாள். அப்படியானால் நடை எத்தனை மணிக்கு முடியும் என்று பொறுப்பாளர் கேட்டார்; நிரலில் எழுத வேண்டுமே. காகம் எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள் யதுஷா.

இப்போது பூங்காவின் நிரலில் எல்லா நடைகளுக்கும் முடியும் நேரம் இருக்கிறது. தமிழ் நடைக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இரவீந்திரன் இதுவரை மறுபடி வரவில்லை. கோயிலில் கண்டால் யதுஷாவுக்குத் தலையசைப்பார். சிவகலா வருகிறார், வரும்போது ஆட்களையும் கூட்டிக்கொண்டு.