கயிற்றை அறுத்தவன்

இதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இது நடந்தது. ஜெபமாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் அது எனக்குப் பாவம். 2024 டிசம்பர் 11, புதன்கிழமை, மாலை 6.35 முதல் 7.14 வரை. எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழேதான் கடிகாரம் மாட்டியிருக்கிறது. அன்று நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் பெயர் ஜாஸ்லின். வீடு பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில். என்னைப் பெற்ற அய்யா யாக்கோபு நாட்டுப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். தம்பி ரெக்ஸ் மதுரையில் படித்தபோது, உடன் படித்த சூர்யா அவனுக்குப் பாறை ஏறும் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தான். ரெக்ஸிடமிருந்து அது என்னையும் தொற்றிக்கொண்டது. சூர்யாவுக்கு உத்தரகோசமங்கை பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இருளாண்டியோடு சேர்ந்து மிளகாய் விவசாயம் பார்த்தான். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான்.

ஜனவரியில் மூன்று பேரும் ராஜஸ்தான் போவதாகத் திட்டம். பாலைவனத்தில் தன்னந்தனியாக, செங்குத்தாக நிற்கும் ஒரு பாறை. வெயில் காலத்தில் கை வைத்தால் வெந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும்தான் ஏற முடியும். டிக்கெட் எடுத்தாயிற்று. முதலில் ஏறுவது ரெக்ஸ் என்றும் முடிவு செய்திருந்தோம். முதலில் ஏறுகிறவன் கை தவறினால், அவன் உயிரைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு கயிறுதான்.

அந்த மஞ்சள் கயிறு எங்கள் வீட்டில் இருந்தது. ஆகஸ்டில் ரெக்ஸ் அதைக் கழுவிக் காயவைத்து, சுருட்டி, அய்யாவின் வலைக் கொட்டகையில் வைத்தான். படகுக் கயிறு எல்லாம் அங்கேதான் கிடக்கும். கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை கயிற்றை வேறெங்கே வைப்பான்?

அன்று காலையிலிருந்தே மழை. அய்யாவும் அம்மாவும் பாம்பனில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாமான்களைச் சரிபார்க்க ஆறரைக்கு வருவதாகச் சூர்யா சொல்லியிருந்தான். 4.45-க்கு அவனிடமிருந்து போன்.

"கெளம்பிட்டேன்க்கா. மீன் கொழம்பு இருக்குல்ல?"

"ஒனக்காகத்தான் வச்சிருக்கேன். மெதுவா வா."

கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பினோம். இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், கொக்கிகள், காலணிகள், ஸ்வெட்டர்கள், நடுவில் கயிறு.

மணி 6.35. பைக் சத்தம் கேட்கவில்லை. மழை இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சூர்யா நிற்கிறான்.

"உள்ள வாலே. அங்கனயே என்ன நிப்பு?" என்றான் ரெக்ஸ்.

துண்டு எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவன் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. ரெக்ஸும் பார்க்கவில்லை. சாரல் அடித்ததால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவன் தலைமுடியில் கருவேல முள் ஒன்று சிக்கியிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். தலையை விலக்கிக்கொண்டான். அவன் மேல் கண்மாய்ச் சேற்று வாடை அடித்தது.

"குளிருது" என்றான்.

"இதுக்கேவா? ராஜஸ்தான்ல ராத்திரி ரெண்டு டிகிரிலே. ஒன்னையப் போர்வையில சுத்திப் பார்சல்லதான் கொண்டு போகணும் போல" என்றான் ரெக்ஸ்.

மற்ற நாளாக இருந்தால் சூர்யா திருப்பிக் கொடுத்திருப்பான். அன்று சிரிக்கக்கூட இல்லை.

6.44. டீ கொண்டுவந்து வைத்தேன். அவன் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது.

6.50. முதல் முறையாக ரெக்ஸின் முகத்தைப் பார்த்தான்.

"நீதான மொதல்ல ஏறுறே?"

"அதான் பேசி முடிச்சாச்சே."

"இந்தக் கயித்துலயா?"

"வேற கயிறு இருக்கா நம்மகிட்ட?"

"வேண்டாம்லே..."

"ஏன்?"

 கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

6.58. கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம்.

அதற்குள்ளே இன்னொரு சத்தம்...

கரக்... கரக்... கரக்...

"சூர்யா?"

கரக்...

ரெக்ஸ் போன் வெளிச்சத்தை அடித்தான்.

சூர்யா அதே இடத்தில் இருந்தான். கையில் என்னுடைய மீன் வெட்டும் கத்தி. அது அடுக்களையில் அல்லவா இருந்தது? அவன் எழுந்திருக்கவே இல்லையே...

கயிறு துண்டு துண்டாகக் கிடந்தது. இன்னும் அறுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? வேண்டாம்னா வாயால சொல்ல வேண்டியதுதானே! போயிரு! இனி என் மூஞ்சில முழிக்காதே!" என்று கத்தினான் ரெக்ஸ்.

கடைசிச் சுருளையும் அறுத்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தான்.

"போறேன்."

எனக்கும் கோபம்தான். ஆனாலும் குளிருது என்று சொன்னவன். அய்யாவின் போர்வையை எடுத்து அவன் தோளில் போட்டேன். விரல் அவன் கழுத்தில் பட்டது.

ஐஸ் பெட்டிக்குள் கை விட்டதுபோல் இருந்தது.

"மழை விடட்டும்ப்பா. சாப்பிட்டுப் போ."

என்னைப் பார்த்தான்.

"இப்ப சூடா இருக்குக்கா..."

போன் வெளிச்சம் அணைந்தது.

7.14. கரண்ட் வந்தது.

போர்வை தரையில் கிடந்தது.

அவன் இல்லை.

கதவு சாத்தியபடியே இருந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டபடி...

8.40-க்கு இருளாண்டி அய்யா போன் செய்தார். "சூர்யா போயிட்டான்ம்மா" என்றார். "இம்புட்டு நேரம் இங்கனதான இருந்தான்?" என்று கேட்டேன். அவருக்கு நான் சொன்னது காதில் ஏறவில்லை. ஐந்து மணி சுமாருக்கு, அவர்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பைக் வழுக்கி, கீழே கருவேல மரங்களுக்குள் விழுந்திருக்கிறது. மழை இருட்டில் வெகுநேரம் யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் அடக்கத்துக்குப் போனோம். ரெக்ஸ் பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். மூஞ்சியில் முழிக்காதே என்று சொன்னவன், அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நின்றான்.

நான்காம் நாள் கயிற்றுத் துண்டுகளை அள்ளினோம். ஒரு துண்டை ரெக்ஸ் சும்மா இழுத்தான். நைந்த துணிபோல் அறுந்து வந்தது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் அப்படியே. கத்தியே படாத இடங்கள் அவை. கொட்டகைக்கு ஓடிப் பார்த்தோம். ஆகஸ்டில் ரெக்ஸ் கயிற்றைச் சுருட்டி வைத்தது படகு விளக்கின் பழைய பேட்டரி மேல். அதன் ஆசிட் கசிந்திருந்தது. எங்கள் படகுக் கயிற்றை அந்த ஆசிட் ஒன்றும் செய்யாது. அதனால் அய்யாவுக்கும் அது தோன்றவில்லை. மலைக் கயிறு நைலான். ஆசிட் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரித்துவிடும் என்று மதுரையில் எங்களுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். ரெக்ஸ் விழுந்திருந்தால் அது அவனைத் தாங்கியிருக்காது.

போகிற வழியில் அந்த ஆத்துமா எங்களுக்கு ஒரு நன்மை செய்துவிட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அதற்காக ஜெபித்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். விழுந்து கிடந்தவனை முதலில் பார்த்த ஆடு மேய்க்கும் பெரியவர் அங்கே வந்திருந்தார்.

"நான் பாக்கும்போது மணி ஏழு இருக்கும் தாயி. உசுரு இருந்துச்சு" என்றார்.

 ஏழு மணிக்கு அவன் எங்கள் கூடத்தில் இருந்தான்.

"இடுப்புக்குக் கீழ வண்டி அமுக்கிக் கெடந்துச்சு. கண்ணு தொறக்கல. ரெண்டு கையும் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எதையோ வச்சு அறுக்குறாப்புல... நான் புடிச்சுப் பாத்தேன், நிக்கல. அப்புறம் தன்னால நின்னுச்சு. செத்த நேரத்துல போயிட்டான்."

ரெக்ஸ் எழுந்து வெளியே போனான்.

ஆறரைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் வாசலில் அவன் வந்து நின்றது 6.35-க்கு. அப்போதே ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. ஆனாலும் அவன் குளிருது என்றபோது, உனக்கு என்னப்பா ஆச்சு என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் கேளுங்கள்.

கிளம்பும்போது சூர்யாவின் அம்மா பூமயில் அவனுடைய போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உள்ளே இருக்கும் படங்களை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சட்டைப் பையில் இருந்ததாம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அங்கே டவரும் நன்றாகக் கிடைத்தது. அவன் கைகளில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை என்று அவர்தான் சொன்னார்.

அவன் கடைசியாகக் கூப்பிட்டது யாரை என்று பார்த்தேன்.

ஜாஸ்லின் அக்கா. மாலை 4.45.

அதற்குப் பிறகு அவன் உதவிக்குக்கூட யாரையும் கூப்பிடவில்லை. எங்களிடம்தான் வந்தான்.