ஏரியில் அவன் முறை

எங்கள் வழக்கு கெடத் தொடங்கியது பகல் பதினொன்று நாற்பதுக்கு. பொன்னேரி கோர்ட்டில் நீதிபதியின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும்.

அதுவரை எல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் சிக்னல் போடாமல் திரும்பிய லாரி, பைக்கில் வந்த என் மகனை இடித்துச் சக்கரத்தோடு இழுத்துப் போனதை யாரும் மறுக்கவில்லை. வலது காலில் கம்பி இருப்பதையும் முட்டி மடங்காததையும் டாக்டரே வந்து சொல்லியிருந்தார். எலும்பு இன்னும் கூடவில்லை, மறுபடி ஆபரேஷன் செய்யாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அந்த ஆபரேஷனுக்கு இழப்பீட்டைத் தவிர எங்களுக்கு வேறு நம்பிக்கை கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். "இவர் இன்னும் மீன்பிடித் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார்" என்று சொல்லி, லேப்டாப்பில் ஒரு வீடியோவைப் போட்டார்.

எங்கள் குப்பத்துக் கரை. இறால் வாங்க வந்தவன் மாதிரி ஒருவன் கேட்கிறான். "இன்னைக்கு யாரு பாடு?"

கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் எதிர்வீட்டு அம்மாள் சிரிக்கிறாள். "அங்கன்வாடி டீச்சரு புள்ளையோட பாடு. ராசியான கை. எறாலப் பாத்தியா, வெரலு வெரலா கீது."

அந்த அங்கன்வாடி டீச்சர் நான்தான்.

ஏரியில் இறால் விழும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. குப்பம் குப்பமாக, வீடு வீடாக முறை வரும். அதைத்தான் பாடு என்கிறோம். என் கணவர் இறந்தபின் அவருடைய பாடு மகனுக்கு வந்தது. தண்ணீரில் இறங்காதவனுக்குப் பாடு கிடையாது என்பது, ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் குப்பங்கள் எல்லாம் ஒத்துக்கொண்ட கட்டுப்பாடு. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் ஊர் அந்தக் கட்டுப்பாட்டைச் சத்தமில்லாமல் மீறியது. அவன் முறை வரும் நாளில் கூட்டாளிகள் அவன் பெயரைச் சொல்லி இறங்கினார்கள். அவன் பங்கை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர் காதில் விழக்கூடாது என்பதால், வெளியாள் யார் கேட்டாலும் அவன்தான் இறங்கினான் என்று சொல்லச் சொல்லியிருந்தார் ஊர்த் தலைவர். எதிர்வீட்டு அம்மாள் அதைத்தான் செய்தாள். நாங்கள் சோறு தின்றது அந்தப் பங்கில்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மகன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "வீடியோல என்னைக் காணலியேம்மா. தண்ணிக்கு அடியில நின்னுனு இருந்தேன் போல."

சிரித்தான். வேகத்தடையில் வண்டி ஏறும்போதெல்லாம் கால் குலுங்காமலிருக்க இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் வக்கீல் சாயங்காலம் போன் செய்தார். அவன் இறங்கவில்லை என்று ஊர்க்காரர் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

ஊர்த் தலைவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. மீன் ஏலம் விடும் கொட்டகையில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலன்னு சொன்னா பாடு பூடும். எறங்கினான்னு சொன்னா கேசு பூடும். உனுக்கு எது ஓணும்? நீ படிச்சவ, நீயே சொல்லு."

"கால் வேணும், மாமா."

"காலு நல்லானா ஏரிக்குப் போவானா?"

"நடப்பான்னுதான் டாக்டர் சொல்றாரு."

"சேத்துல நிப்பானா?"



பின்னாலேயே வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தானே சொன்னேன். நானே போயி, பொய்யி சொன்னேன்னு சொல்றேன்."

"நீ பேசுனது போதும், தாயி" என்றார் தலைவர். "உன் வாயி பொன்னேரி கோர்ட்டு வரிக்கும் போயிட்டு வந்துச்சு." பிறகு என்னிடம் திரும்பினார். "இத்தினி நாளு ஏமாத்தினீங்களான்னு பக்கத்துக் குப்பத்துக்காரன் நம்ம எல்லார் பாட்டுக்கும் வம்புக்கு வருவான். நான் வரமாட்டேன்மா. வேற யாரும் வரக் கூடாது."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் வீட்டுக்காகக் கட்டுப்பாட்டை மீறிய மனிதர் அவர்தான்.

அடுத்த வாய்தாவுக்கு நானும் மகனும் மட்டும் பஸ் ஏறினோம். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் இடமில்லை. அவன் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றான். கட்டுப் போட்ட இடத்திலிருந்து சீழ் வாடை வந்தது. பக்கத்தில் நின்றவர் மூக்கைத் துடைப்பதுபோல நகர்ந்து போனார். மகன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். எங்கள் வக்கீல் அவகாசம் கேட்டார். இன்சூரன்ஸ் வக்கீல் ஆட்சேபித்தார். "போன தடவையே சொல்லியாச்சு, இன்றோடு சாட்சி முடிக்கிறேன்" என்று நீதிபதி பேனாவை எடுத்தார். அப்போது வாசலில் போலீஸ்காரர் யாரையோ, "பெரியவரே, இருங்க" என்று தடுக்கும் சத்தம் கேட்டது.

ஊர்த் தலைவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கோயிலுக்குள் வருவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். நேராகக் கூண்டுக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை.

"அடிபட்டதுலேருந்து பையன் தண்ணியில கால வைக்கலீங்க. நாங்கதான் அவன் பேரச் சொல்லி எறங்குனோம். அந்தம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னது."

"இன்றைக்கும் பாடு அவர் பெயரில்தானே வருகிறது?" என்று மடக்கினார் இன்சூரன்ஸ் வக்கீல்.

தலைவர் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க. நேத்து பக்கத்துக் குப்பத்துக்காரங்களையும் ஒக்கார வச்சி, உண்மையச் சொல்லி, அவன் பேர எடுத்துட்டோம். இனிமே அவனுக்கு ஏரியில பாடு கெடையாது. அத எழுதிக்கோங்க, ஐயா."