சாமி கும்பிட்டது யார் வேலை?

போன வியாழக்கிழமை நுவரெலியாவில் மூடுபனி கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விசாரணை அறை வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல இருந்தது. என் பக்கத்தில் செல்வராணி அக்கா — சின்னம்மா மகள், இறம்பொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர்.

இப்போது எடுக்க முடியாது. வலது மணிக்கட்டு திரும்புவதில்லை.

செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மறுபடி துளிர்த்த மலையில் முதல் கொழுந்து எடுக்கும் நாள். உச்சியில் இருக்கும் கல்சாமிக்குச் சூடம் கொளுத்தப் போனவர், பாசியில் வழுக்கி விழுந்தார். நஷ்டஈடு கேட்டால் தோட்டம் மறுத்துவிட்டது. சாமி கும்பிடப் போனது சொந்த விஷயமாம்... வேலையில் நடந்த விபத்து இல்லையாம்! அதற்கான மேன்முறையீடுதான் அன்று. இதுவும் கைவிட்டால் அக்கா எங்கே போவார்?

நான் நாலு எழுத்துப் படித்தவன் அல்லவா? யோசனை சொன்னேன்.

“நிரையில நின்னு கொழுந்து எடுக்கும்போது விழுந்தேன்னு சொல்லிருங்கக்கா. சாமி பேச்சே வேணாம்.”

அக்கா சன்னலைப் பார்த்தார். வெளியே மரம் இல்லை, ரோடு இல்லை. வெறும் வெள்ளை.

“கும்பிடத்தானே தம்பி போனேன்? இல்லேன்னு எப்புடிச் சொல்றது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நேரத்தில் இவ்வளவு நேர்மை தேவையா?

உள்ளே அதிகாரி சிங்களத்தில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அக்கா நடந்ததை அப்படியே சொன்னார். போச்சு என்று நினைத்தேன்.

அதிகாரி அடுத்து, தோட்டத்தின் சாட்சியாக வந்திருந்த கண்டாக்கு ஐயாவிடம் திரும்பினார். மலையில் வேலையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பூசைக்கு முன்னால் இவர்கள் கொழுந்து எடுக்கலாமா என்று அதிகாரி கேட்டார்.

“அது எப்புடிங்க? யாரும் கை வைக்க மாட்டாங்க. நானே விட மாட்டேன்!”

“தேங்காய், சூடம் யார் கொடுப்பது?”

“தோட்டந்தாங்க குடுக்கும். அதானே வழக்கம்.”

சொல்லி முடித்த பிறகுதான், யார் பக்கம் சாட்சி சொல்ல வந்தோம் என்பது அவருக்கு உறைத்தது. பாவம், முகம் வெளுத்துவிட்டது. சாமி விஷயத்தில் மாற்றிப் பேச அவருக்கும் தோன்றவில்லை.

அன்றைய முதல் வேலையே பூசைதான் என்றார் அதிகாரி. மேன்முறையீடு ஏற்கப்பட்டது.

நான் எதை மறைக்கச் சொன்னேனோ, அதுதான் அக்காவைக் காப்பாற்றியது. ஜெயிப்பதற்காக நம்மில் பாதியை ஒளித்துவைக்க எங்கேதான் கற்றுக்கொள்கிறோமோ... வெட்கமாக இருந்தது.

பஸ் பனிக்குள் மெல்ல இறங்கியது. அக்கா மணிக்கட்டைத் தடவியபடி கேட்டார்.

“தெனம் வேலைக்கு வர்றவங்க பேர எழுதுறாங்கல்ல தம்பி?”

“ஆமாக்கா.”

“சாமி பேரையும் எழுதச் சொல்லணும். மொத ஆளா வந்து நிக்கிறது அவருதானே!”